அக்காளின் இருதயத்தில் ஒரு கட்டி

'கட்டி' என்ற சொல் நம் இல்லங்களுக்குள் தனித்து வருவதில்லை. புற்றுநோய் என்னும் மற்றொரு சொல்லையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டே வருகிறது. ஆகவே மருத்துவர் அச்சொல்லைக் கூறியவுடன், "நல்ல கட்டியா, கெட்ட கட்டியா?" என்று கேட்கிறோம். நல்ல கட்டிதான் என்ற விடை கிடைத்துவிட்டால் பாதி நோய் தீர்ந்ததாகவே எண்ணி வீடு திரும்புகிறோம். முதுகில் புளியங்கொட்டை அளவில் தோன்றிய கொழுப்புக்கட்டியை முப்பது ஆண்டுகள் சுமந்து, அதனுடனேயே நல்லடக்கம் பெற்ற பெரியவர்கள் எல்லாப் பங்கிலும் உண்டு. முதுகில் இருக்கும்வரை அது சரி. அதே அளவுள்ள நல்ல கட்டி இருதயத்தினுள் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2012-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எங்கள் குடும்பம் அறிந்துகொண்டது.

நாங்கள் உடன்பிறந்தோர் நால்வர். மூத்தவர் அக்காள். அன்னை இறந்தபோது எங்களுள் கடைக்குட்டிக்கு வயது நான்கு, அக்காளுக்குப் பத்தொன்பது. எங்கள் மூவரையும் ஒரு நிலைக்குக் கொணர்ந்த பின்னரே தமக்கென ஒரு வாழ்வை ஏற்க இசைந்தார். அத்தானும் நெடுநாள் வாழவில்லை. தையல் இயந்திரம் ஒன்றையே நம்பித் தம் ஒரே மகளைப் பட்டப்படிப்பு வரை படிக்கவைத்தார். அந்த மகளுக்குத் திருமணம் நிச்சயமாகி, கோவிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்த வேளையில்தான் இது நிகழ்ந்தது.

நோயின் அறிகுறிகள் ஓராண்டாகவே இருந்தன. மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. இரவில் படுத்தால் மூச்சுத் திணறல். எழுந்து உட்கார்ந்தால் சற்று ஆறுதல். அண்மையிலிருந்த மருத்துவர் ஆஸ்துமா எனக் கருதி உறிஞ்சும் மருந்து கொடுத்தார். மாலைதோறும் மெல்லிய காய்ச்சல் காய்ந்தது. ஆறு மாதத்தில் ஏழு கிலோ எடை குறைந்தது. மூட்டுகளில் வலியும் கண்டது. இரத்தப் பரிசோதனையில் இ.எஸ்.ஆர். அளவு உயர்ந்திருக்கவே, காசநோயாக இருக்கலாமென்று சளியைச் சோதித்தார்கள். அதில் ஒன்றும் அகப்படவில்லை. அந்த மருத்துவர்களை நாங்கள் குறை கூறவில்லை. இந்நோய் பல வேடம் பூண்டு வருவது. இக்கட்டி தன்னிடமிருந்து இன்டர்லூக்கின்-6 என்னும் ஒருவகைப் புரதத்தைச் சுரந்து இரத்தத்தில் கலக்கவிடுவதால், காய்ச்சலும் மெலிவும் மூட்டுவலியும் உண்டாகின்றன. காசநோயும் வாதக் காய்ச்சலும் மலிந்த நம் நாட்டில் மருத்துவரின் எண்ணம் முதலில் அவற்றின்மீது செல்வது இயல்பே.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறன்று, நற்கருணை வாங்கித் திரும்பி முழந்தாளிட்டிருந்த அக்காள், எழும்போது மயங்கி விழுந்தார். மறுநாளே மதுரைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இருதய மருத்துவர் முதியவர். இயந்திரங்களைவிடத் தம் செவியை அதிகம் நம்புகிறவர் போலும். அக்காளை உட்காரவைத்துக் கேட்டார், படுக்கவைத்துக் கேட்டார், இடப்பக்கம் ஒருக்களிக்கச் செய்து கேட்டார். நிலை மாறும்போது இருதயத்தின் ஓசையும் மாறுகிறது என்று தம் மாணவரிடம் கூறினார். பின்னர் எக்கோப் பரிசோதனை நடந்தது. திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். இருதயத்தின் இடது மேலறைக்குள் முட்டை வடிவான ஒன்று, ஒவ்வொரு துடிப்புக்கும் இங்குமங்குமாக ஆடிக்கொண்டிருந்தது. கோவில் மணியினுள் தொங்கும் நாக்கு ஆடுமே, அவ்வாறு. மணி அடித்து ஓய்ந்தபின் நாக்கும் நின்றுவிடும், இது நிற்கவில்லை.

அதன் பெயர் மிக்சோமா. பெரியவர்களின் இருதயத்திலேயே தோன்றும் தீங்கற்ற கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மிகுதி என்றால் எத்துணை மிகுதி? பத்தாயிரம் பிரேதப் பரிசோதனைகள் செய்தால் இருதயத்திலேயே பிறந்த கட்டி ஏறத்தாழ இரண்டு பேரிடம் காணப்படும். அவற்றுள்ளும் நான்கில் மூன்று பங்கு தீங்கற்றவை. பிற உறுப்பில் தோன்றிய புற்றுநோய் இருதயத்திற்குப் பரவுவதோ இதனினும் பன்மடங்கு அதிகம். இருதயத் தசையின் உயிரணுக்கள் பிறந்த பின்னர் மிக அரிதாகவே பிரிந்து பெருகுவதால்தான் அங்குக் கட்டிகள் அருகியே தோன்றுகின்றன என்பர். மிக்சோமா முப்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களிடத்தில் கூடுதலாகக் காணப்படுகிறது. நான்கில் மூன்று இடது மேலறையில், இரண்டு மேலறைகளையும் பிரிக்கும் சுவரில், ஒரு காம்பினால் ஒட்டிக்கொண்டு வளரும். தொட்டால் நுங்கினைப்போல் வழவழப்பானது, எளிதில் பிய்ந்துவிடக்கூடியது.

இதில்தான் அபாயம் இருக்கிறது. நுரையீரலில் தூய்மையான இரத்தம் இடது மேலறைக்கு வந்து, மைட்ரல் வால்வு என்னும் ஈரிதழ்க் கதவின் வழியாகக் கீழறைக்கு இறங்கி, அங்கிருந்து உடலெங்கும் செல்கிறது. மேலறையில் தொங்கும் கட்டி, இரத்தம் இறங்கும் ஒவ்வொரு முறையும் அக்கதவின் வாயிலில் வந்து விழுகிறது. வழி அடைபடும்போது இரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறுகிறது. நிலை மாறிப் படுத்தாலோ எழுந்தாலோ கட்டி நகர்ந்து, மூச்சிரைப்பு கூடும் அல்லது குறையும். முற்றிலும் அடைத்துக்கொண்டால் அக்கணமே மயக்கம். சில வேளை அக்கணமே மரணம். மற்றோர் அபாயமும் உண்டு. நுங்கு போன்ற அக்கட்டியின் துணுக்கொன்று பிய்ந்து இரத்தத்துடன் சென்றால், மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்துப் பக்கவாதத்தை விளைவிக்கும். காலுக்குச் சென்றால் காலின் இரத்த ஓட்டத்தை நிறுத்தும். கட்டியின் குணம் நல்லதுதான். அது பிற உறுப்புகளுக்கு வேரோடிப் பரவாது. எனினும், அது குடியிருக்கும் இடம் அத்தகையது. மருந்தினால் கரைக்க இயலாது. அறுத்து எடுப்பது ஒன்றே வழி. அதுவும் கண்டறிந்த சில நாள்களுக்குள்.

"எப்போது செய்யலாம்?" என்று நாங்கள் கேட்டோம். "வீட்டிற்கு அழைத்துச் செல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை செய்துவிடுவோம்" என்றார் அறுவை மருத்துவர்.

அக்காளிடம் எவ்வாறு கூறுவதென்று நாங்கள் மூவரும் தாழ்வாரத்தில் நின்று விவாதித்தோம். தங்கை சொல்லவே கூடாதென்றாள். 'வால்வில் சிறு பழுது' என்று சொன்னால் போதும் என்பது அவள் கருத்து. அறுபது மைல் தொலைவிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண்ணிடம், நெஞ்சைத் திறக்கப் போகிறோம் என்று கூறாமலே நெஞ்சைத் திறப்பது எப்படி என்றான் தம்பி. நாங்கள் முடிவுக்கு வருமுன்னரே அக்காள் மருத்துவரிடம் நேராகக் கேட்டு, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். பின்னர் எங்களை அழைத்து அவர் கூறியது அறுவையைப் பற்றியன்று, திருமணத்தைப் பற்றி.

"பெப்ரவரி ஆறாம் தேதி கல்யாணம். அது முடிந்ததும் இங்கே வந்து படுத்துக்கொள்கிறேன். பதினைந்து நாள்தானே? இப்போது தள்ளினால் தவக்காலம் வந்துவிடும். பாஸ்கு கழிந்துதான் வைக்க முடியும். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் மனம் என்ன ஆகுமோ, யார் கண்டார்கள்?"

அவர் கூறியதில் நியாயம் இல்லாமலில்லை. தகப்பன் இல்லாத பெண். தாய்க்கும் இருதயத்தில் கட்டி என்ற செய்தி ஊரில் பரவினால் எத்தனை நாவுகள் எத்தனை விதமாகப் பேசும் என்பதை நாம் அறிவோம். அந்தப் பதினைந்து நாள்களும் ஒன்றும் நேராமலும் போகலாம். மருத்துவரிடமே அதைக் கேட்டோம். அவர் சினம் கொள்ளவில்லை. அக்காளின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, "அம்மா, பதினைந்து நாளும் ஒன்றும் நேராமல் இருக்கலாம். நாளைக் காலையே நேரவும் செய்யலாம். இது எப்போது கதவை அடைக்கும் என்று சொல்லத்தக்க கருவி எங்களிடம் இல்லை. மகளின் கல்யாணத்தில் நீங்கள் பேச்சற்று ஒரு பக்கம் விழுந்து கிடப்பதையா விரும்புகிறீர்கள்?" என்றார். அக்காள் சிறிது நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "ஓலையை நிறுத்தி வைக்கச் சாமியாரிடம் சொல்லிவிடுங்கள்" என்றார்.

பங்குத்தந்தை வியாழன் மாலை மதுரைக்கே வந்தார். நோயிற்பூசுதல் கொடுக்க விரும்புவதாக அவர் கூறியபோது அக்காளின் முகம் வெளிறிவிட்டது. பழைய தலைமுறையினர்க்கு அது அவஸ்தைப் பூசுதல், சாகப்போகிறவர்க்கு உரியது. 1972-இல் ஆறாம் சின்னப்பர் வழங்கிய புதிய ஒழுங்கின்படி, கடும் நோயின் பொருட்டு அறுவைக்குச் செல்லும் எவரும் அதனைப் பெறலாம் என்று தந்தை விளக்கியபின் அமைதியாகப் பெற்றுக்கொண்டார். பங்கு இளைஞர்கள் நால்வர் பேருந்தில் வந்து இரத்தம் கொடுத்துவிட்டு, ஒரு தேநீர்கூட ஏற்காமல் இரவோடிரவாகத் திரும்பினர்.

அறுவையின் முறையைப் பின்னர் மருத்துவர் எங்களுக்குப் படம் வரைந்து விளக்கினார். மார்பின் நடு எலும்பை நெடுக அறுத்துத் திறக்கிறார்கள். உடலிலிருந்து இருதயத்திற்குத் திரும்பும் இரு பெருஞ் சிரைகளிலும், வெளியே செல்லும் பெருந்தமனியிலும் குழாய்களைப் பொருத்தி, இரத்தத்தை இருதய–நுரையீரல் இயந்திரத்தின் வழியாகத் திருப்புகிறார்கள். அவ்வியந்திரமே மூச்சும் துடிப்புமாகி உடலைக் காக்கும்போது, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தி இருதயத்தை நிறுத்துகிறார்கள். அதுவரை இருதயத்தை எவரும் அழுத்தவோ அசைக்கவோ கூடாது. அசைத்தால் கட்டி பிய்ந்து துணுக்குகள் சிதறும். நின்றபின் மேலறையைத் திறந்து, கட்டியைக் காம்போடும், காம்பு ஒட்டியிருந்த சுவரின் பகுதியோடும் சேர்த்து வெட்டி, உடையாமல் முழுதாக வெளியே எடுக்கிறார்கள். சுவரில் உண்டான துளையை, இருதயத்தைச் சூழ்ந்துள்ள உறையிலிருந்தே ஒரு துண்டு எடுத்து, ஒட்டுப்போட்டுத் தைத்துவிடுகிறார்கள். வேறு அறைகளிலும் கட்டி உண்டா என்று பார்த்துவிட்டு, இரத்தத்தை மீண்டும் விட்டால் இருதயம் துடிக்கத் தொடங்குகிறது. தையற்காரியான அக்காளுக்கு இவ்வொட்டுத் தையல் மிகவும் பிடித்துப்போயிற்று. உறையையே கிழித்து உள்ளே ஒட்டுப்போடுகிறார்களே, துணி வீணாகாத வேலை என்று பாராட்டினார்.

நாலரை மணி நேரம் நாங்கள் வெளியே அமர்ந்திருந்தோம். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை, அமர்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

பின்னர் இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது சில செய்திகள் எங்களை வியக்கவைத்தன. இருதயக் கட்டியை முதன்முதல் நூலில் குறித்தவராகக் கூறப்படுபவர் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ரியால்தோ கொலம்போ; அவருடைய நூல் 1559-இல் வெளிவந்தது. புனித லொயோலா இஞ்ஞாசியார் 1556-இல் உரோமையில் மரித்தபோது, அவருடைய உடலைத் திறந்து ஆராய்ந்து சிறுநீரகத்தில் கற்களைக் கண்டவரும் இவரே. அதன்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இக்கட்டி மரித்தவர்களிடம் மட்டுமே காணப்பட்ட நோயாக இருந்தது. உயிருடன் இருக்கும்போதே கண்டறிந்தோம் என்று அமெரிக்க மருத்துவர்கள் எழுதியது 1952-இல்தான். 1953-இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இருதய–நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு ஓர் இளம்பெண்ணின் இருதயத்தை வெற்றிகரமாகச் செப்பனிட்டார். மறு ஆண்டே, 1954-இல், சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் அத்தகைய இயந்திரத்தின் துணையால் ஒரு பெண்ணின் இடது மேலறையிலிருந்த மிக்சோமாவை எடுத்து, அவரைப் பிழைக்கவைத்தார். உலகில் அதுவே முதல் வெற்றி.

கட்டியைக் கண்டுபிடிக்கும் எக்கோக் கருவியும் அதே நாட்டில், அதே காலத்தில் பிறந்ததுதான். லூண்ட் நகரில் எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாரும் 1953-இல் ஒலியலைகளால் இருதயத்தைப் பார்க்க முற்பட்டனர். அதற்குமுன், மால்மோ துறைமுகத்துக் கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகடுகளின் வெடிப்பைக் கண்டறிய வைத்திருந்த கருவியை ஹெர்ட்ஸ் இரவல் வாங்கித் தம் நெஞ்சின்மீதே வைத்துப் பார்த்தாராம். தூத்துக்குடித் துறைமுகத்தில் பணிபுரியும் எங்கள் தம்பி இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் பெருமையுடன் நடமாடினான். 1959-இல் ஜெர்மானிய மருத்துவர் எஃபர்ட் இம்முறையால் இடது மேலறைக் கட்டியைக் கண்டறிந்தார். வலியில்லை, ஊசியில்லை, கதிர்வீச்சில்லை; பத்து நிமிட வேலை. அதற்கு ஓராண்டு முன்னரே அக்காளின் நெஞ்சில் அதை வைத்திருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆஸ்துமா மருந்துக்கு அடங்காத மூச்சிரைப்பும், நிலை மாறினால் மாறும் திணறலும், காரணம் தெரியாத மயக்கமும் நம் வீட்டில் யாருக்கேனும் இருந்தால், எக்கோப் பரிசோதனை வேண்டுமா என்று நாமே மருத்துவரிடம் கேட்கலாம். பெரும்பாலும் வேறு காரணமே தெரியவரும். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதே.

எடுத்த கட்டியைச் சிறு புட்டியில் இட்டுக் காட்டினார்கள். ஐந்து செண்டிமீட்டர் நீளம். கோழிமுட்டையைவிடச் சற்றுச் சிறியது. திசுப் பரிசோதனையின் முடிவு வரும்வரை தங்கை உறங்கவில்லை. மிக்சோமாதான், புற்றுநோய் அன்று என்று வந்தது. மூன்றாம் நாள் அக்காளின் நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடி எங்களை அச்சுறுத்தியது. மேலறையைத் திறந்து தைத்தவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதுதான் என்று மருந்து கொடுத்துச் சரிசெய்தார்கள். பத்தாம் நாள் வீடு திரும்பினார். கம்பியால் கட்டிய மார்பெலும்பு சேரும்வரை பாரம் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடத்தை அவர் கண்ணில் படாமல் மறைத்து வைப்பதே எங்களுக்குப் பெரும்பாடாயிற்று.

சம்பந்தி வீட்டாரிடம் நாங்கள் ஒன்றையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார் ஒன்றே ஒன்று கேட்டார்: "இது பரம்பரையாக வருமா?" கேட்டது முறைதான், நாங்களும் அதையே மருத்துவரிடம் கேட்டிருந்தோம். பெரும்பாலோர்க்கு இது பரம்பரையாக வருவதன்று. ஒருமுறை எடுத்தால் திரும்ப வருவது நூற்றில் ஓரிருவர்க்கு மட்டுமே. ஆயினும் சிறு பகுதியினர்க்குக் குடும்பவழி வருவதுண்டு. அமெரிக்க மருத்துவர் கார்னி 1985-இல் இதனை விளக்கி எழுதியதால் அவர் பெயராலேயே கார்னி நோய்த்தொகுதி எனப்படுகிறது. அதற்குக் காரணமான மரபணுவை 2000-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அத்தகையோர்க்கு இளவயதிலேயே கட்டி தோன்றும். ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கும். உதட்டிலும் இமையிலும் கரும்புள்ளிகள் பரவியிருக்கும். பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அக்காளிடம் அக்குறிகள் எவையும் இல்லை. இருந்தும் மருத்துவர் கூறியபடி மகளும் நாங்கள் மூவரும் எக்கோ எடுத்தோம், நால்வர்க்கும் ஒன்றுமில்லை. அத்தாள்களை எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டிற்குச் சென்றபோது, அவர்கள் அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "தாய் நின்று ஆசீர்வதிக்க வேண்டும், பாஸ்கு கழிந்தே வைத்துக்கொள்வோம்" என்று சம்பந்தியம்மாள் முன்னரே முடிவு செய்திருந்தார். ஏப்ரல் கடைசியில் திருமணம் நடந்தது.

குழந்தைகளிடம் காணப்படும் இருதயக் கட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். அவர்களுக்கு மிகுதியாக வருவது ராப்டோமயோமா என்னும் தசைக்கட்டி. கருவிலிருக்கும்போதே ஸ்கேனில் தெரிவதுமுண்டு. பயந்து நடுங்கும் பெற்றோர் அறிய வேண்டியது, இவற்றுள் பல வளர வளரத் தாமே சுருங்கி மறைந்துவிடும் என்பதே. இரத்த ஓட்டத்தை அடைத்தாலோ துடிப்பைக் குலைத்தாலோ தவிரக் கத்தியைத் தொடுவதில்லை. ஆனால் இக்கட்டியுடைய குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் மரபுநோய் இருப்பதால், வலிப்பு உண்டாகிறதா, தோலில் வெளிர்புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று கவனித்து மூளையையும் தோலையும் சோதிக்கச் சொல்வார்கள். ஃபைப்ரோமா என்னும் நார்க்கட்டி அவ்வாறு சுருங்குவதில்லை. அதற்கு அறுவை தேவைப்படலாம்.

அக்காள் இன்றும் ஆண்டுக்கொருமுறை மதுரை சென்று எக்கோ எடுத்துவருகிறார். கட்டி இருந்த இடத்தில் ஒட்டுப்போட்ட சுவர் மட்டும் சற்றுத் தடிப்பாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கும். அத்தாள்களை எல்லாம் ஞானஸ்நானச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் வைக்கும் தகரப்பெட்டியிலேயே தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்.